கடையில வாங்கினதுங்க

இன்னும் தொடலை. தட்டு வெச்சது வெச்சபடி இருக்குது. எனக்குப் பாத்திருக்கிற பொண்ணு தாரணியோட சித்தப்பா சோபா நுனியில, முட்டி மேல ரெண்டு கையையும் வெச்சுக்கிட்டு, சன்னலுக்கு வெளிய தெரியற தேயிலைச் சரிவையே பாத்துக்கிட்டிருக்கார், கேக்கு இருக்கிற பக்கம் கண்ணு திரும்பவே மாட்டேங்குது. ஒரு தடவை பாருங்களேன் ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஸ்ட்ராபெரியில சர்க்கரை தூவியிருக்குது, சர்க்கரை பட்ட ஸ்ட்ராபெரி ரொம்ப நேரம் பொறுக்காது, தண்ணி விட ஆரம்பிச்சிரும், அதனாலதான் உங்க கார் வாசல்ல வந்து நின்ன பிறகு அவசர அவசரமாப் பழத்தை அரிஞ்சு மேல அடுக்கினேன், அடுக்கினதும் சாப்பிட்டிரணும், அதுதான் இதோட ருசியே. இப்பப் பாரு, வெள்ளைக் கிரீம்ல சிவப்பு கசிஞ்சு ஓரமா வழியுது, அடியில கேக்கு ஊற ஆரம்பிச்சிருக்கும், இன்னும் கொஞ்ச நேரம் போனா ஒரு பக்கமாச் சாஞ்சிரும். லேட் பண்ணாதீங்க, எடுத்துக்குங்கன்னு தொண்டை வரைக்கும் வந்து நிக்குது. எப்படிச் சொல்றது? கடைக் கேக்கு சாஞ்சா எனக்கென்ன, நிமிந்தா எனக்கென்ன? கடையில வாங்கினதுங்க. நான்தான் சொன்னேன். யாரும் என் கழுத்தைப் பிடிக்கலை. தாரணியோட அத்தை தட்டைப் பாத்துட்டு, “அட, என்னங்க இது, பாக்கவே இவ்வளவு அழகா இருக்குது, யாருங்க செஞ்சது?”ன்னு கேட்டாங்க, அம்மா வாயைத் திறந்துச்சு, அதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன். சத்தமா, சிரிச்சுக்கிட்டே சொன்னேன். சிரிப்பு வேற ஒரு கேடு.

கந்தவேலு, நீ என்ன மனுசன்டா. புதன்கிழமை ராத்திரி போன்ல அந்தப் புள்ளை என்ன சொன்னா? “உங்க வீட்டைப் பாக்கச் சித்தப்பாவும் அத்தையும் வர்றாங்க. நீங்க கேக்கு செய்வீங்கன்னு நான் அவங்ககிட்டச் சொல்லலைங்க. நீங்களே சொல்லுங்க. நாலு பேரு முன்னாடி நீங்க சொன்னாத்தான், என்கிட்டச் சொன்னது சும்மா சொன்னதில்லைன்னு எனக்குத் தெரியும்.” அதுக்கு நான் என்ன பீத்திக்கிட்டேன்? “சொல்றதென்னங்க, அவங்களுக்குச் செஞ்சே போடறேன்.” போட்டாச்சு. செஞ்சு போட்டுட்டுக் கடையில வாங்கினதுன்னு சொல்லியாச்சு. திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை பாத்துட்டு எட்டு மணிக்கு மேல வீடு திரும்பற புள்ளை அவ. அப்பா இல்லை, சித்தப்பாதான் எல்லாம். சித்தப்பா வீட்டுல ஆம்பளைங்க ஒரு டம்ளர் தண்ணி எந்திரிச்சு எடுத்துக் குடிக்க மாட்டாங்களாம், அவ வேலை முடிச்சு வந்து பையைக்கூட இறக்கி வைக்காம அடுப்பைப் பத்த வைப்பாளாம். “எனக்குச் சமையல் வரும்ங்க, ஆனா பிடிக்காது. பிடிக்காததைக் காலம் பூராச் செய்யறதுக்குப் பயமா இருக்குது”ன்னு சொன்னா. அந்தப் ‘பயமா இருக்குது’ங்கிற இடத்துலதான் நான் விழுந்தேன். எனக்குப் பிடிக்கும்ங்க, நான் செய்யறேன்னு சொன்னேன். அந்தப் பக்கம் மெதுவாச் சிரிச்சா. ஒரு பொண்ணு என்னால சிரிச்சது முப்பத்திநாலு வயசுல அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பைத்தான் இன்னிக்கு வித்துட்டேன். எதுக்கு வித்தேன்? இந்த மனுசன் என்னைப் பாத்து நமுட்டுச் சிரிப்புச் சிரிச்சிருவாரோன்னு. அவர் இன்னும் சிரிக்கவே இல்லை, நானாப் பயந்து நானா வித்துட்டேன்.

“தண்ணிக்குக் கஷ்டம் உண்டுங்களா இங்க?”ன்னு சித்தப்பா கேக்கறார். இல்லைங்கன்னு நான் சொல்றேன். ஊத்துத் தண்ணி, வருசம் பூரா வரும். டீ பேக்டரியில என்ன வேலைன்னு கேக்கறார். சூப்பர்வைசர், இலை எடை போடறதுல இருந்து காய வைக்கிறது வரைக்கும் பாத்துக்கறேன்னு சொல்றேன். வேலை சொல்றப்ப எப்படி நிமிந்து உக்காந்துக்கறேன் பாரு. கையை மட்டும் தொடைக்கு அடியில வெச்சிருக்கேன், பழச்சாறு நகக்கண்ணுல ஏறி நிக்குது, சோப்புப் போட்டும் போகலை. அம்மா, “எடுத்துக்குங்க, பேசிக்கிட்டே சாப்பிடலாம்”னுச்சு. அவர் கையை லேசா உயர்த்திக் காட்டி, “இருக்கட்டுங்க, கை நனைக்கிறது அப்புறம் பாத்துக்கலாம்”னுட்டார். அவ்வளவுதான். எங்க பக்கத்துல சம்பந்தம் பேசப் போன வீட்டுல மனசுக்குப் பிடிச்சாத்தான் கை நனைச்சுச் சாப்பிடுவாங்க. பிடிக்கலைன்னா வெறுந்தண்ணியைக் குடிச்சுட்டு, யோசனை பண்ணிச் சொல்றோம்னு செருப்பை மாட்டிருவாங்க. சோத்துக்குத்தான் அந்தக் கணக்கு, காப்பி பலகாரம் அதுல சேராதுன்னு சில பேரு, எல்லாமே சேரும்னு சில பேரு. இவர் எல்லாமே சேரும்ங்கிற ஆளு போலிருக்குது, டம்ளரைக்கூட வாயில படாம அண்ணாந்து ஊத்திக்கிட்டார். அத்தைக்கு அதெல்லாம் இல்லை. “ஏனுங்ணா, கேக்குல எங்கிருந்துங்ணா கை நனையுது, ஸ்பூன்ல சாப்பிடற பண்டம்”னுட்டு ஒரு தட்டை மடியில எடுத்து வெச்சுக்கிட்டாங்க. வெட்டி வாயில வெச்சாங்க. நான் அவங்க தாடையைப் பாக்காத மாதிரிப் பாத்துக்கிட்டிருக்கேன். கண்ணை மூடினாங்க. “அம்மாடியோவ்”னாங்க. எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோசம் ஓடுச்சு, கால் கட்டை விரல் வரைக்கும், ஓடின வேகத்துலயே செத்தும் போச்சு. அந்த அம்மாடியோவ் எனக்கு வந்ததில்லையே, எவனோ கடைக்காரனுக்குப் போகுது. இல்லாத கடைக்காரனுக்கு.

காலையில அஞ்சு மணிக்கே எந்திரிச்சேன். குன்னூர்க் குளிர்ல வெண்ணெய் கல்லு மாதிரி இருந்துச்சு, கிண்ணத்தோட சுடுதண்ணிச் சட்டிக்குள்ள இறக்கி வெச்சு இளக்கினேன். முட்டை ஓட்டைப் பேப்பர்ல சுருட்டிக் குப்பைக்கு அடியில திணிச்சேன். அந்தத் திணிப்பு எதுக்கு? அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்குது நான் என்ன சொல்லப் போறேன்னு. நேத்து ஓவன் மேல பழைய பெட்சீட்டைப் போட்டு மூடி, மேல அரிசி டப்பாவைத் தூக்கி வெச்சதும் நான்தானே, காலையில எடுத்தேன், வேலை முடிஞ்சதும் மறுபடியும் மூடிட்டேன். வாயுத் தொல்லைக்காரன் மாத்திரையை ஒளிச்சு வெச்சுக்கற மாதிரி. அம்மா வேற எட்டு மணிக்குச் சாம்பிராணி போட்டு வீடெல்லாம் புகையை விட்டுச்சு, கேக்கு வாசனை தெரியக்கூடாதுன்னு போடுதுன்னு நினைச்சேன், நினைச்சப்போ நெஞ்சுல சுருக்குன்னுச்சு, ஆனா நல்லதுதான்னும் நினைச்சேன். அம்மாவைக் குத்தம் சொல்ல முடியாது. அதுக்கு முட்டி ஆபரேசன் ஆனப்பதான் நான் அடுப்படிக்குள்ள போனது, மூணு மாசம் சோறு குழம்பு எல்லாம் நான்தான், போனைப் பாத்துப் பாத்துக் கேக்கும் பழகுனேன். அப்பத்தான் சத்தியமங்கலத்துக்காரங்க சம்பந்தம் பேசிக்கிட்டு வந்தாங்க. நான் லுங்கியை மடிச்சுக் கட்டி, கையெல்லாம் மைதா மாவோட கதவைத் திறந்தேன். காப்பி குடிச்சாங்க, நல்லாத்தான் பேசினாங்க, போயிட்டாங்க. அப்புறம் நடுவுல இருந்த ஆளு போன்ல அம்மாகிட்டச் சொன்னான், ஸ்பீக்கர்ல போட்டிருந்துச்சு, “பையன் நல்ல பையன்தானுங்க, ஆனா கொஞ்சம் அடுப்படிப் பையன்னு நினைக்கிறாங்க.” அடுப்படிப் பையன். அம்மா மூஞ்சி அப்படியே தொங்கிப் போச்சு, என்னால, என் முட்டியாலன்னு அழுதுச்சு. அடுப்படிப் பையன். பேக்டரியில இலை அரைக்கிற மிசினு முன்னாடி நிக்கிறப்பக்கூட அந்தச் சத்தத்துல இதுதான் கேக்கும். திட்டினாக்கூடத் தாங்கிருக்கலாம், பாவம்ங்கிற மாதிரிச் சொன்னாம் பாரு, அதுதான் தாங்கலை. அதுல இருந்து பேக்டரிக்குக் கேக்கு கொண்டு போனா அம்மா செஞ்சதுன்னுருவேன். ஒரு தடவை கோயில்ல எங்க பேக்டரி மேஸ்திரி, அம்மாவைப் பாத்து, உங்க கைப்பக்குவம் யாருக்கும் வராதுங்கன்னு சொன்னார். அம்மா என்னைத் திரும்பிப் பாத்துச்சு, ஆமாங்கன்னுச்சு. எனக்காகப் பொய் சொல்லுதுன்னு நினைச்சேன். என்னை நினைச்சுக் கூசுதுன்னும் நினைச்சேன். கூச்சப்படட்டும், பெத்தவளுக்கு அந்த உரிமைகூட இல்லையான்னு எனக்கு நானே நியாயம் பேசிக்கிட்டு அன்னிக்குப் பூரா அம்மாகூடப் பேசலை.

“எந்தக் கடைங்க?” அத்தை கேக்கறாங்க. கேப்பாங்கன்னு நினைச்சுக்கூடப் பாக்கலை, மரமண்டை. பஸ் ஸ்டாண்டுக்குக் கீழன்னு சொல்றேன். “பேரு?” பேரு. புதுசாத் திறந்திருக்காங்க, இன்னும் போர்டு மாட்டலைங்க. “அப்பப் போறப்ப ரெண்டு வாங்கிக்கலாங்ணா, தாரணிக்கு இது ரொம்பப் பிடிக்கும்.” இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, லீவுங்க. “அப்ப இது?” நேத்து சாயங்காலம் வாங்கி வெச்சேன். அத்தை ஸ்பூன்ல ஒரு பழத்துண்டைத் தூக்கிப் பாத்தாங்க. “நேத்து வாங்கினதுங்களா? பழம் இப்பத்தான் அரிஞ்ச மாதிரி இருக்குதுங்களே.” குன்னூர்க் குளிருங்க, எதுவும் கெடாதுங்கன்னு சொல்லிட்டு நானே சிரிச்சேன். காது மடல் ரெண்டும் கொதிக்குது. ஒரு பொய் சொன்னா அதுக்கு ஆள் துணை வேணும்ங்குது. இப்பவாவது சொல்லலாம், இல்லைங்க, சும்மா சொன்னேன், நான்தான் செஞ்சேன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னா விளையாட்டாப் போயிரும். ஒரு வார்த்தை. சித்தப்பா இப்பத்தான் முதல் தடவையா என்னைப் பாக்கறார். நல்லாத்தான் பாக்கறார், என்னமோ தேடற மாதிரி. அந்தப் பார்வைக்கு முன்னாடி நான் கேக்கு செய்யறவன்னு சொல்றதை நினைச்சாலே கூசுது, எதுக்குக் கூசணும், திருடினேனா, குடிச்சுட்டு ரோட்டுல விழுந்தேனா, ஒரு மாவைக் கலக்கினேன், பழத்தை அடுக்கினேன், தின்னவங்க கண்ணை மூடினாங்க. இதுல கூச என்ன இருக்குதுன்னு தாரணிகிட்டப் பெரிய மனுசனாட்டப் பேசினது இதே வாய்தான். தண்ணி கொண்டாரேன்னு சாக்குச் சொல்லிட்டு எந்திரிச்சேன்.

அடுப்படியில அம்மா முதுகைக் காட்டிக்கிட்டுக் காப்பித்தூளை அளந்துக்கிட்டிருக்குது. திரும்பாமலே கேட்டுச்சு, “ஏன்டா சாமி அப்படிச் சொன்னே?” எப்படின்னேன். “கடையில வாங்கினதுன்னு. நான் சொல்ல வாயைத் திறந்தேன், அதுக்குள்ள முந்திக்கிட்டே.” நீ மட்டும் என்ன சொல்லியிருப்பே, நீதானே கேக்கு வாசனையை மறைக்கிறதுக்குச் சாம்பிராணி போட்டதுன்னு கேட்டேன். அது அப்பத்தான் திரும்புச்சு, என்னமோ புரியாத பாஷையில பேசினவனைப் பாக்கற மாதிரிப் பாத்துச்சு. “வீட்டுக்கு நல்ல காரியமா ஆளு வர்றாங்க, சாம்பிராணி போட மாட்டாங்களா?” அப்பக் கோயில்ல மேஸ்திரிகிட்ட? “நீ நான் செஞ்சதாச் சொல்லி வெச்சிருக்கே. ஊரு முன்னாடி எம் மகனைப் பொய்யன்னு ஆக்கச் சொல்றியா?” அப்ப சத்தியமங்கலத்துக்காரன் போன்ல சொன்னதுக்கு அழுதியே. “உன்னை அப்படிப் பேசிட்டானேன்னு அழுதேன்டா. நீ அடுப்படியில நின்னதுக்கா அழுதேன்? என் மகன் செஞ்சது, தின்னு பாருங்கன்னு சொல்லி அவங்க மூஞ்சியைப் பாக்கணும்னு காலையில இருந்து இருந்தேன். போ, போய்ச் சொல்லு, ஒண்ணும் குடி முழுகிப் போயிராது.” சொம்பைக் கையில குடுத்துருச்சு. இத்தனை நாளா யாரோட வெக்கத்தைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன்? அம்மாவுக்காகன்னு சொல்லிக்கிட்டதெல்லாம் யாருக்காக? ஓவனை மூடினவன் நான், முட்டை ஓட்டை ஒளிச்சவன் நான், சிரிச்சவன் நான். இதுல அம்மாவையும் சேத்துக் கூசினவனா ஆக்கி ஒரு நாள் பூரா மூஞ்சியைத் தூக்கி வேற வெச்சிருந்தேன். தூத்தேறி. சொல்லிரணும். போனதும் சொல்லிரணும். உக்காரக்கூடக் கூடாது, நின்னுக்கிட்டே சொல்லிரணும். ஐயா, அது நான் செஞ்சது. ஐயா வேண்டாம், மாமா. மாமா, அது நான் செஞ்சதுங்க. தாரணிக்கும் நான்தான் செஞ்சு போடுவேன். சரியாத்தான் வருது. சொம்புத் தண்ணி தளும்பிக் கால்ல ஊத்துது.

ஹாலுக்குள்ள நுழையறேன், சித்தப்பா தட்டைக் கையில வெச்சிருக்கார். ஸ்பூனைக் காணோம். மூணு விரலால கேக்கைப் பிச்சு, கிரீமோட பழத்தோட வாயில போட்டுக்கறார், விரல்ல வழிஞ்ச சாறை நக்கிக்கறார். நனைஞ்சிருச்சு. அத்தை மூஞ்சியெல்லாம் பல்லு. “மாப்பிள்ளை வந்துட்டார், சொல்லுங்ணா.” அவர் மென்னு முழுங்கிட்டு, “எனக்கு மறைச்சுப் பேசத் தெரியாதுங்க மாப்பிள்ளை”ங்கறார். “வர்றப்ப அரை மனசாத்தான் வந்தேன். சத்தியமங்கலத்துல என்னமோ ஒண்ணு சொன்னாங்க, பையன் பொம்பளையாட்டம் அடுப்படியே கதின்னு கிடப்பான்னு. வந்து பாத்தா அப்படி ஒண்ணும் இல்லை. ஆளுங்க நாக்குக்கு என்ன வேலை. நமக்குப் பூரண சம்மதமுங்க.” மாப்பிள்ளை. பூரண சம்மதம். வாசப்படியில அம்மா வந்து நிக்குது, அதுக்குச் சம்மதம்ங்கிறது மட்டுந்தான் காதுல விழுந்திருக்கும், முந்தானையை வாயில பொத்திக்கிட்டுக் கண்ணுல தண்ணியோட நிக்குது, நான் சொல்லிட்டேன்னு நினைச்சுக்கிச்சு. நான் சொல்லி, அதைக் கேட்டும் சம்மதிச்சாங்கன்னு நினைச்சுக்கிச்சு. என்னைப் பாத்துத் தலையாட்டுது, அவ்வளவு பெருமையா. மாமா, அது நான் செஞ்சதுங்க. இப்பச் சொன்னா அந்தக் கை என்ன ஆகும், நனைஞ்ச கையை வேட்டியில துடைச்சுக்கிட்டு எந்திரிச்சிருவாரா? எந்திரிக்கட்டும். எந்திரிச்சாத் தாரணி? சொல்லலைன்னாலும் தாரணி? எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் புள்ளை நிக்குது. சொம்பை டீப்பாய் மேல வெச்சேன். “சந்தோசங்க மாமா”ன்னு சொன்னேன். மாமாங்கிற வார்த்தை மட்டும் நல்லா வந்துச்சு.

“இந்தாங்க, தாரணி லைன்ல இருக்கறா, பேசுங்க”ன்னு அத்தை அவங்க போனை என் கையில திணிக்கிறாங்க. எல்லாரும் என் வாயையே பாக்கறாங்க. “ஹலோ”ங்கிறேன். அவ பின்னாடி ஏதோ பஸ் ஹாரன் அடிக்குது, வீட்டுல இருந்து பேச முடியாம ரோட்டுக்கு வந்திருக்கா போல. மூச்சு வாங்கக் கேக்கறா, குரல்ல அந்தச் சிரிப்பு இருக்குது. “சித்தப்பா சரின்னுட்டாராமே! சொல்லிட்டீங்களா? சொல்லியுமா சரின்னார்?” அது வந்துங்கன்னு ஆரம்பிக்கிறேன். பக்கத்துல இருந்து அத்தை போனுக்குள்ள கத்தறாங்க, “கண்ணு, கடைக் கேக்குதான், ஆனா உங்க சித்தப்பனே கை நனைச்சுட்டார்னாப் பாத்துக்க!” பஸ்ஸு போயிருச்சு. “கடைக் கேக்கா?”ங்கறா. நான் செய்யறேன்னு அவகிட்டச் சொல்லிட்டுத்தானே காலையில மாவைக் கலந்தேன், அவளுக்குத் தெரியும், அவளுக்கு எல்லாம் தெரியும். கோவிச்சுக்கோ புள்ளை, திட்டு, ஏன் இப்படிப் பண்ணினீங்கன்னு ஒரு வார்த்தை கேளு, கேட்டா நான் இப்பவே சத்தமாச் சொல்லிடறேன். அவ கேக்கலை. “நீங்களும் பயந்துட்டீங்களா”ன்னா, திட்டற மாதிரி இல்லை, ரொம்பக் களைச்சுப் போன மாதிரி. “சரிங்க. நான் வெச்சிடறேன். சித்தப்பாகிட்ட நானே பேசிக்கறேன்.” வெச்சுட்டா. சித்தப்பா ரெண்டாவது துண்டுக்குத் தட்டை நீட்டறார், அம்மா பெருசா வெட்டி வைக்குது, வெச்சுட்டு என்னைப் பாக்குது, அத்தை, “வெக்கத்தைப் பாருங்ணா மாப்பிள்ளைக்கு, பேச்சே வரலை”ன்னு கேலி பண்றாங்க. போனைக் காதுல இருந்து எடுக்க முடியலை. எடுத்தா என்ன பேசினாங்கன்னு கேப்பாங்க. “ம்”ங்கிறேன். “ஆமாங்க, நல்லாச் சாப்பிட்டாங்க”ங்கிறேன். அம்மா சிரிக்குது. நானும் போனுக்குள்ள சிரிக்கிறேன், “சரிங்க, சரிங்க”ன்னு, அந்தப் பக்கம் யாருமே இல்லாம.